சேற்றில் நின்ற கட்டில்

அன்பு மகன் கொம்போவுக்கு, சியூவிலிருந்து உன் வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாரும் மௌத்தாகவில்லை, யாரும் படுத்த படுக்கையாகவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் இருக்கிற காலத்தில் வாப்பா காகிதம் எடுத்து எழுதியிருக்கிறார் என்றால் நீ உறையைக் கிழிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவாய், அந்த விஷயத்தில் நீ உன் உம்மாவைக் கொண்டு பிறந்தவன். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், நீயும் மருமகளும் பேத்திகள் இருவரும் மஸ்கட்டில் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். உம்மாவின் முழங்கால் முன்னைப் போலத்தான். நீ அனுப்பிய தைலத்தை அவள் தேய்ப்பதே இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கொடுக்கிறாள், பாதி புட்டி மூக்காலேயே தீர்ந்துவிட்டது. சிவப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மாடிக் கூரையில் கிழக்கு மூலை ஒழுகுகிறது, மழைக்கு முன் பார்க்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு, போனில் பேசினால் உன் உம்மா பக்கத்தில் நின்று பாதியைப் பிடுங்கிக்கொள்கிறாள், அது போக அதில் உன் முகமும் தெரிகிறது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் எழுதி, மஸ்கட்டுக்குத் திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் தங்கை பர்க்கே லாமுவிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். எப்படி வந்தாள் என்பது தெரியாது. அவள் புருஷன் மொம்பாசாவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தான், அதை அவள் வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். தெரிந்த அன்றே என்னைக் கூப்பிட்டு "வாப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். பொறுத்துக்கொள் மகளே என்றேன். இரண்டு மாதம் கழித்து இரண்டாவது முறை கூப்பிட்டாள், பொறு என்றேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் அழவில்லை, நானும் புதிதாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தத்தைப் பார்த்துப் பேசி முடித்தவன் நான்தானே, நான் பார்த்த மாப்பிள்ளை சொத்தை என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் அவளாகவே காதியாரிடம் போய் நின்று தலாக் வாங்கிக்கொண்டாள், நோன்பின் கடைசிப் பத்தில் இத்தாக் காத்திருப்பும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் நான் கிளம்பினேன், அவளையும் அவளுடைய கட்டில், பீரோ, பாத்திரப் பெட்டியையும் கொண்டுவர. பெண்ணோடு போன சாமான் பெண்ணோடு திரும்பும் என்பதில் அந்த வீட்டார் தகராறு செய்யவில்லை, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டில் நம் கரையிலிருந்து போனபோது எப்படிப் போனது என்று யோசித்துப் பார். தப்பட்டை அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், நீயே ஒரு காலைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஆடினாய். அதே கட்டில் இப்போது எதிர்த்திசையில் வருவதை ஒரு கண்ணும் பார்க்கக் கூடாது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

இந்த வருஷமும் நம் ஊரில் பெருநாள் இரண்டு நாள் வந்தது. எங்கோ பிறை கண்டதாக ரேடியோவில் கேட்டு வடக்குப் பள்ளிக்காரர்கள் செவ்வாய்க்கிழமையே கொண்டாடினார்கள், எங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பிறை என்று தெற்குப் பள்ளிக்காரர்கள் புதன்கிழமை கொண்டாடினார்கள். நான் செவ்வாய், உன் அத்மான் மாமு புதன். படகு அவனுடையது. மஸ்கட்டில் இருந்து நீ மறந்திருப்பாய், நம் ஓடையில் எப்போது தண்ணீர் ஏறி நிற்கும் எப்போது வடியும் என்பதெல்லாம் பிறையின் தேதியை வைத்துத்தான், ஒரு தேதி தவறினால் முக்கால் மணி நேரம் தவறும். வியாழக்கிழமை விடியலில் லாமுவிலிருந்து புறப்படுவதாகப் பேச்சு. முதல் நாள் அத்மான், "மச்சான், நாளைக்கு ரெண்டாம் பிறை, பஜ்ருக்கு முன்னாடியே கெளம்பிடணும், இல்லன்னா முகண்டா ஓடையில மாட்டிக்குவோம்" என்றான். நாளைக்கு மூன்றாம் பிறை, பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு கிளம்பினால் போதும் என்றேன். அவன், "பிறை உங்களுக்கு மூணாவே இருக்கட்டும் மச்சான், தண்ணிக்கு ரெண்டுதான், தண்ணி ரேடியோ கேக்குறதில்ல" என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. செவ்வாய்க்கிழமை பிரியாணி தின்றுவிட்டு வியாழக்கிழமை வந்து தேதியை மாற்றிக்கொண்டால் அந்தப் பெருநாள் பெருநாளா? ஆனால் உன்னிடம் சொல்கிறேன், ரேடியோ ஒரு சாக்குத்தான். இருட்டில் சாமான் இறக்கினால் திருட்டுச் சாமான் என்று ஜன்னல் ஜன்னலாகத் திறப்பார்கள். விடிந்த பிறகு இறக்கினால் தெருவே நின்று பார்க்கும். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள் தொழுதுகொண்டிருக்கிற அந்த அரைமணி நேரம்தான் லாமுவின் சந்துகள் காலியாக இருக்கும், அதற்காகத்தான் அந்தப் பிடிவாதம் பிடித்தேன். அக்காளைக் கட்டியவனிடம் எவ்வளவு நேரம் வாதாடுவான், "சரி, உங்க கட்டிலு, உங்க தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தக் கட்டில் கழற்ற வரவில்லை, முளைகள் ஊறி இறுகிவிட்டன, தட்டினால் மரம் பிளந்துவிடும் போல இருந்தது. முழுசாகவே நான்கு சுமைக்காரர்கள் தூக்கி, ஒவ்வொரு சந்துத் திருப்பத்திலும் செங்குத்தாக நிறுத்தி, சாய்த்து, சுவரைச் சுரண்டி, அரைமணி என்று நான் நினைத்தது ஒன்றரை மணி ஆகிவிட்டது. கழுதை மேல் பீரோ வந்தது. பர்க்கே முகத்தை மூடிக்கொண்டு கடைசியில் நடந்து வந்தாள். நான் இது சரியா அது சரியா என்று கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அவள் அழுதாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மீதியை நீயே ஊகித்திருப்பாய். ஓடைக்குள் பாதி தூரம் போனதும் தண்ணீர் எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது, பிறை புதிதாக இருக்கிற நாட்களில் வற்றம் எவ்வளவு வேகம் என்று உனக்குத் தெரியும். அடியில் சர்ரென்று ஒரு சத்தம், படகு நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம், முழங்காலுக்கு மேல் சேற்றில் புதைந்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் உப்புச் சேற்றில் வேரூன்றிய கண்டல் காடு, நடுவில் நாங்கள், பின்னேரம் தண்ணீர் திரும்பும் வரை அசைய முடியாது. எல்லாம் உன்னால்தான் என்று அத்மானைத் திட்டினேன், வேறு யாரைத் திட்டுவது? அவன் கோபப்படாமல், "ரேடியோவப் போடுங்க மச்சான், தண்ணி எப்ப வரும்னு சொல்லுவாங்க" என்றான். அதற்குள் படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் சாயும், சாய்ந்தால் கட்டிலும் கண்ணாடி வைத்த பீரோவும் சரிந்து உப்புச் சேற்றில் விழும். இரண்டு கிழவர்கள் ஒரு பெண், நாங்கள் மூன்று பேர் தோள் கொடுத்து எவ்வளவு நேரம் நிறுத்த முடியும்? பர்க்கே பீரோவில் முதுகைச் சாய்த்து முட்டுக்கொடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவளுக்கென்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான், அதையும் நான்தான் சேற்றில் போடப் போகிறேன் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் ஒரு கிழிந்த கால்சட்டை, தொடை வரை சேறு, கையில் வெட்டுக்கத்தி. தானா என்கிற ஆற்றுப் பக்கத்து ஆள், கண்டல் கம்பு வெட்டப் பொழுதெல்லாம் காட்டிலேயே தங்குகிறவன். நான் கத்தியைப் பார்த்துப் பயந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் சலாமும் சொல்லவில்லை, யார் என்றும் கேட்கவில்லை, படகின் சாய்வை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கால் மணியில படுத்துடும் பெரியவரே, சாமானை எறக்கணும்" என்றான். எங்கே இறக்குவது, எங்கும் உளைச் சேறுதானே என்றேன். அவன் திரும்பிப் போனான். கரையோரம் அவன் வெட்டி அடுக்கிய கம்புக் குவியல் இருந்தது, இரண்டு வாரத்து வேலை, அன்றைக்குச் சாயந்தரம் சரக்குப் படகில் ஏற்ற வேண்டியது என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து நாலு நாலாக இழுத்து வந்து சேற்றில் போட்டான். குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை, அதன் மேல் இன்னொரு வரிசை. முதல் வரிசை முழுக்க உளைக்குள் போய்விட்டது. உன் கம்பெல்லாம் சேற்றோடு போகிறதேப்பா என்று எனக்கே மனது கேட்காமல் சொன்னேன். "சேத்துல மொளைச்சதுதானே பெரியவரே, அதுக்கு ஒண்ணும் புதுசில்ல" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலை இழுத்தான். படகுக்கு ஆறு கம்பை முட்டுக் கொடுத்தான். பிறகு கட்டிலின் ஒரு முனையை அவன், ஒரு முனையை அத்மான், ஒரு முனையை நான் பிடித்தோம். நாலாவது முனைக்கு ஆளில்லை. பர்க்கே அங்கியை இழுத்து முடிச்சுப்போட்டுக்கொண்டு சேற்றில் குதித்தாள். "தங்கச்சி, அது கனமான மொனை, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று அவன் இடம் மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான், பெண்பிள்ளை எதற்கு என்றெல்லாம் சொல்லவில்லை. பீரோவையும் பாத்திரப் பெட்டியையும் அப்படியே இறக்கினோம், கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

கொம்போ, அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஓடை முழுக்க வற்றி, நண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கிற சேற்றின் நடுவே நாலு காலும் தூணும் செதுக்கலுமாக ஒரு கல்யாணக் கட்டில் நிற்கிறது. வெயில் ஏறியதும் அவன் தன் குடிசையின் பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து நாலு தூணிலும் கட்டி எங்களுக்கு நிழல் போட்டான். நாங்கள் இரண்டு மணி நேரப் பயணம் என்று ஒரு பாட்டில் தண்ணீர்தான் வைத்திருந்தோம். அந்தக் காட்டில் நல்ல தண்ணீர் எங்கிருந்தோ தோணியில் கொண்டுவர வேண்டும், அவன் கேனில் பாதிக்குக் குறைவாகத்தான் இருந்தது, அதைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டு வேண்டிய மட்டும் குடிக்கச் சொன்னான். அவித்த மரவள்ளிக் கிழங்கும் சுட்ட கருவாடும் கொடுத்தான். ஆற்றுப் பக்கத்து ஆள் சமைத்தது நமக்குச் சேருமா என்று ஒரு கணம் யோசித்தேன், என் யோசனை முடிவதற்குள் பர்க்கே இரண்டாவது கிழங்கை எடுத்துவிட்டாள். நடுப்பகல் லுஹரை அந்தக் கட்டில் மேல் நின்றுதான் தொழுதேன், வேறு உலர்ந்த இடம் இல்லை. அத்தனை நேரத்தில் அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் ஊரில் ஒரு கூடை மீன் எடுத்துப் போனாலே எங்கே, யாருக்கு, என்ன விசேஷம் என்று பத்துப் பேர் கேட்பார்கள். கேட்காத மனிதனைக் கண்டு எனக்கே பொறுக்கவில்லை, நானாகவே, இது கல்யாணச் சாமான் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். அவன் மூடியில்லாத பாத்திரப் பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லது பெரியவரே" என்றான். பர்க்கே என்னைப் பார்க்கவில்லை.

பின்னேரம் தண்ணீர் திரும்பியது. நம் படகு மிதக்க இன்னும் முக்கால் மணியாவது ஆகும், ஆனால் அடி தட்டையான மோட்டார் படகுகளுக்குப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் போதுமே. லாமுவில் பெருநாள் விருந்து முடித்துத் திரும்புகிற நம் ஊர்ச் சனம் அன்றைக்குத்தான் மொத்தமாக வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் சத்தம் கேட்டது, பாட்டுச் சத்தமும் கேட்டது. அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நான் எழுந்து கண்டல் மரங்களுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். இடுப்பு வரை சேற்றில், வேரைப் பிடித்துக்கொண்டு, பெருநாள் சட்டையோடு. பர்க்கே பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அத்மான் மட்டும் தன் படகை விட்டு எங்கே போவான், பாவம், படகுக்குள் வராத தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டு நின்றான்.

படகில் முப்பது பேர் இருப்பார்கள், எல்லாம் புதுத் துணி. ஒரு பெண் எழுந்து நின்று, "அத்மானு! ஓடைக்கு நடுவுல யாரு கட்டிலப்பா இது?" என்று கத்தினாள். அத்மான் வாளியும் கையுமாக நான் ஒளிந்திருந்த பக்கம் பார்த்தான். அடுத்த நொடி அந்தக் கம்புவெட்டி ஒரே தாவாகத் தாவிக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்து, கால் மேல் கால் போட்டு, தலைக்குக் கை கொடுத்துக்கொண்டு, "என்னோடதுதான்! எனக்குக் கல்யாணம்! எல்லாரும் வந்துடுங்க!" என்றான். படகே அதிர்ந்தது. "ஒனக்கு எவன்டா பொண்ணு குடுத்தான்?" என்று ஒருவன் கேட்டான். "இதோ நிக்கிறாங்களே நண்டுங்க, இதெல்லாம் மாமனார் வீட்டு ஆளுங்கதான், ஊர்வலமா வந்திருக்காங்க!" என்றான். "சேத்துக் காலோட கட்டில்ல ஏர்றியே, வர்றவ ஒதைப்பாடா!" என்றாள் ஒரு பெண். "ஒதைக்கட்டும் அக்கா, ஒதைக்கவாவது ஒருத்தி வேணாமா!" என்றான். போகிற போக்கில் அவன் கால்சட்டையை, அவன் முகத்தை, அவன் ஆற்றை, எல்லாவற்றையும் கிண்டலடித்துக்கொண்டே போனார்கள், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. அடுத்து இன்னொரு படகு, அதற்கும் அதே கூத்து. நான் மரத்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உன் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டும் அடக்க முடியாமல், தோள் குலுங்க, சின்ன வயதில் உன்னோடு சேர்ந்து மதரஸாவில் அடி வாங்கும்போது சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

படகுகள் போன பிறகு நான் வெளியே வந்தேன். பாத்திரப் பெட்டி மேல் அவனுடைய சாக்கு போர்த்தியிருந்தது, முதல் மோட்டார் சத்தம் கேட்டபோதே போர்த்தியிருக்கிறான். ஏன் என்று எடுத்துப் பார்த்தேன். கரி பிடித்த பானைகள், நாலு வருஷம் சமைத்த பானைகள். கரிப் பானையோடு எந்தப் பெண் கல்யாணத்துக்குப் போவாள்? கல்யாணச் சாமான் என்று நான் சொன்னபோதே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் பொய்யை எனக்குத் திருப்பித் தராமல், தானே தூக்கிச் சுமந்திருக்கிறான். நான் சாக்கை மடித்து அவன் கையில் கொடுத்தேன். சாமான்களை ஏற்றிக் கொடுத்தான், படகைத் தோள் கொடுத்துத் தள்ளினான். அவன் கம்புகள் பாதி தண்ணீருக்கு அடியில், பாதி உளைக்கு அடியில் கிடந்தன. சரக்குப் படகு வெளியே காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாக அத்மான் வரும் வழியில் சொன்னான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை, பர்க்கேதான் கேட்டாள். ஜிலோ என்றான். "கட்டில் நல்ல கட்டில் தங்கச்சி, முதுகு நோகல" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போனான்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் நம் கரையைப் பிடித்தோம். நான் வேண்டியதற்கு நேர்மாறாக, கரை நிறையச் சனம். முன்னால் வந்த படகுக்காரர்கள் ஓடைக் கல்யாணத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து அதே கட்டில் அத்மான் படகில் வந்து இறங்குகிறது, பக்கத்தில் நான், பக்கத்தில் பர்க்கே. "இது அந்தச் சேத்து மாப்பிள்ள கட்டிலாச்சே! அவனுக்குப் பொண்ணு நம்ம ஊரா? எந்த வீடு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வேறு ஊர்ச் சாமான், ஒரு நாள் வைத்திருந்து அனுப்பச் சொன்னார்கள் என்று அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் பர்க்கே முகத்துணியைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு படகின் முனையில் ஏறி நின்று, "கட்டில் என்னோடது. நான் அந்த வீட்ட விட்டு வந்துட்டேன். இனிமே இங்கதான். நாலு பேர் எறங்கி வந்து பிடிங்க, கனமா இருக்கு" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். பிறகு ஒரு கிழவி, "அப்ப அந்தச் சேத்துக்காரன் யாருடி?" என்றாள். "அவரு ஓடையில கம்பு பிடுங்கிட்டு இருக்காரு பெரியம்மா, நம்மளால அவருக்கு ஒரு சரக்குப் படகு தப்பிப் போச்சு" என்றாள் இவள். கரை முழுக்கச் சிரித்தது. நாலு பேர் என்று கேட்டாள், எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள், அதில் பாதிப் பேர் நாலு வருஷத்துக்கு முன் அதே கட்டிலைத் தூக்கி அனுப்பியவர்கள். வெட்கம் அவளுக்கு என்று நினைத்து நான் அத்தனை ஏற்பாடும் செய்திருந்தேன் கொம்போ. அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை, எல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. உன் உம்மா பின்னறையைக் காலி செய்து வைத்திருந்தாள். பர்க்கே அதை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே காற்று வராது என்று முன்னறையில் போடச் சொன்னாள், போட்டாயிற்று. இப்போது சாயந்தரம் அசருக்குப் பிறகு பெண்கள் வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள், எனக்குத்தான் வீட்டுக்குள் நுழைய வழியில்லை.

நேற்று நானும் பர்க்கேயும் அத்மானைக் கூட்டிக்கொண்டு ஜிலோவைப் பார்க்கப் போனோம், சரியான தண்ணீரில். உம்மா தேங்காய்ப்பால் சோறும் மீன் குழம்பும் இரண்டு கேன் நல்ல தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். உளைக்குள் போன கம்புகளை அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நானும் அத்மானும் இறங்கி வற்றம் முடியும் வரை பிடுங்கினோம், இன்று முதுகை நிமிர்த்த முடியவில்லை. ஜிலோ எங்களைக் கண்டதும், "அந்தக் கட்டில்ல படுத்ததுல இருந்து எனக்குப் பாயில தூக்கமே வரல பெரியவரே" என்று சிரித்தான். நன்றி சொல்ல நான் என்னென்னவோ தயார் செய்து கொண்டு போயிருந்தேன், கையைப் பிடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது, பிடித்தபடியே நின்றேன். அவன் நம் மார்க்கத்தவன் இல்லை. துஆவில் அவன் பேரைச் சேர்க்கலாமா என்று பள்ளிவாசல் கத்தீபிடம் கேட்கவில்லை, கேட்டால் எதையாவது சொல்லிவிடுவார், நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது படகில் பர்க்கேயிடம் மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்பது இதுதான் முதல் முறை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. மூணு தடவை கூப்பிட்டாய் மகளே, மூணு தடவையும் நான் வரவில்லை, கட்டிலோடும் நான் நிற்கவில்லை, எவனோ ஒருவன் நின்றான் என்றேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தப்பான தண்ணியில வந்தீங்க வாப்பா. ஆனா வந்தீங்க" என்றாள். அத்மான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகின் முன்முனைப் பக்கம் போய்விட்டான்.

மகனே, உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் பெரியவர்களாகி, எந்த ஊரிலிருந்தாவது கூப்பிட்டு வரச் சொன்னால், முதல் தடவையிலேயே கிளம்பிவிடு. பர்க்கேயிடம் பேசும்போது மையத்து வீட்டுக்குப் பேசுகிற குரலில் பேசாதே, அவளுக்குப் பிடிக்காது, எப்போதும் போலச் சண்டை போடு. யாராவது ஊருக்கு வந்தால் ஜிலோவுக்கு நல்ல தடித்த மழைவிரிப்பு ஒன்று கொடுத்தனுப்பு, எங்களுக்குக் கட்டியதில் அவனுடையது கிழிந்துவிட்டது, மறந்துவிடாதே. வெயிலில் தலையை மூடிக்கொள், வக்து தவறாமல் தொழு, மருமகள் சொல்வதில் பாதியையாவது கேள். அல்லாஹ் உனக்கும் உன் வீட்டுக்கும் எல்லாக் குறைவையும் நீக்கி நிறைவைத் தருவானாக, நீ மாட்டிக்கொள்கிற இடத்திலெல்லாம் கேள்வி கேட்காத ஒரு மனிதனை உனக்கு முன்னால் அனுப்புவானாக, ஆமீன்.

சியூ கரையிலிருந்து,
உன்னை எந்நேரமும் நினைக்கும்
வாப்பா